பெரியவர்களுக்குச் செய்யும் பராமரிப்பு பலன் தருகிறதா? வீட்டிலேயே அளந்து பார்க்க ஒரு வழிகாட்டி

வீட்டில் பெரியவர் ஒருவருக்கு பிசியோ வருகிறார், பகலில் அட்டெண்டர் இருக்கிறார், மாதாமாதம் மருந்தும் ரத்தப் பரிசோதனையுமாகப் பணம் கரைகிறது. வெளியூரில் இருக்கும் தம்பி போனில் "இதனால பிரயோஜனம் இருக்கா?" என்று கேட்டால் நம்மிடம் இருக்கும் பதில் "முன்னைக்கு இப்போ தேவலாம்" என்பதுதான். முன்னைக்கு என்றால் எப்போதைக்கு, தேவலாம் என்றால் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததும் நாங்கள் ஒரு பராமரிப்பு நிறுவனத்தை வைத்தோம். மாதம் தவறாமல் அறிக்கை வந்தது. எத்தனை முறை வந்தார்கள், என்ன பயிற்சி கொடுத்தார்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், எல்லாம் அதில் இருக்கும். அப்பாவால் இப்போது என்ன முடிகிறது என்பது மட்டும் இருக்காது. கேட்டால் "நல்ல இம்ப்ரூவ்மென்ட் மேடம்" என்பார்கள். அந்த எரிச்சலில் மருத்துவர்களிடமும் பிசியோக்களிடமும் கேட்டு, உலக சுகாதார நிறுவனத்தின் முதியோர் பராமரிப்புக் கையேட்டைப் புரட்டி, வீட்டில் செய்யக்கூடியவற்றை மட்டும் பிரித்தெடுத்ததுதான் இது. நோயைக் கண்டுபிடிப்பது மருத்துவர் வேலை. கொடுக்கும் பணத்துக்கும் உழைப்புக்கும் ஏதாவது மாறுகிறதா என்று பார்ப்பது நம் வேலை.

1. பராமரிப்பு தொடங்கும் முன்பே தொடக்க அளவை எடுங்கள்

இதை விட்டுவிட்டால் பிறகு செய்யும் எதற்கும் பொருள் இல்லை. ஆள் வைக்கும் முன்போ, முடியாவிட்டால் முதல் வாரத்துக்குள்ளோ, கீழே சொல்லும் அளவுகளை ஒருமுறை எடுத்துத் தேதியோடு எழுதிவையுங்கள். ஏற்கெனவே தொடங்கி மாதங்கள் ஆகிவிட்டதா? சரி, இன்றைய நிலையைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். "ஆரம்பத்தில் எப்படி இருந்தார்" என்று நினைவிலிருந்து எழுதாதீர்கள். வீட்டில் நான்கு பேருக்கு நான்கு நினைவு இருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே எழுந்து நடக்கச் சொல்லி அளக்க வேண்டாம். அறுவை சிகிச்சை ஆனவர் என்றால் எப்போதிலிருந்து காலில் எடை போடலாம் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

2. பெரியவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்

நமக்கு சுகர் அளவு முக்கியம். அப்பாவுக்கு முக்கியம், தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குத் தானே போய்வருவது. அம்மாக்களிடம் கேட்டால் "யாரையும் கூப்பிடாம பாத்ரூம் போய் வந்தாப் போதும்" என்பார்கள். இதை இலக்காக எழுதிவிட்டு, அதை ஐந்து படிகளாகப் பிரியுங்கள். மறுவாழ்வு மருத்துவத்தில் கழித்தல் இரண்டிலிருந்து கூட்டல் இரண்டு வரை மதிப்பெண் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. அப்பாவுக்கு இப்படிப் போட்டோம்:

கழித்தல் 2: வீட்டுக்குள் மட்டும், வாக்கரோடு.
கழித்தல் 1: வாசல் திண்ணைவரை, ஒருவர் துணையோடு.
0: கோயில்வரை, ஒருவர் துணையோடு. மூன்று மாதத்தில் எதிர்பார்ப்பது இது.
கூட்டல் 1: கோயில்வரை தனியாக, கைத்தடியோடு.
கூட்டல் 2: கோயிலுக்குப் போய், வழியில் பேப்பரும் வாங்கிக்கொண்டு திரும்புவது.

பிசியோவை உட்காரவைத்து அவர் எதிரிலேயே இதை எழுதுங்கள். மூன்று மாதத்தில் 0 சாத்தியமா என்று நேராகக் கேளுங்கள். "பார்க்கலாம்" என்று மழுப்புகிறவரைவிட "கோயில் கஷ்டம், திண்ணைவரை கொண்டுவரலாம்" என்பவர் மேல். ஒன்றோ இரண்டோ இலக்கு போதும்.

3. ஒரு ஃபைல், ஒரு நோட்டு

ஃபைலில் இருக்க வேண்டியவை: டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியல் (சித்த மருந்து, சத்து மாத்திரை, கடையில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரையும் சேர்த்து), கடைசி ரத்தப் பரிசோதனை முடிவுகள், கண் கண்ணாடிச் சீட்டு, ஆதார் நகல், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அது, பராமரிப்பு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம், ரசீதுகள்.

ஒப்பந்தம் போடும்போதே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: "தொடக்கத்திலும் ஒவ்வொரு மாத முடிவிலும் நடை, எழுந்திருத்தல், அன்றாடச் செயல்கள் ஆகியவற்றின் அளவைக் குடும்பத்துக்கு எழுத்தில் தரவேண்டும்." பெரும்பாலோர் மறுக்க மாட்டார்கள், யாரும் கேட்காததால்தான் தருவதில்லை. மறுக்கும் நிறுவனம் என்றால் அதையும் முதல் நாளே தெரிந்துகொண்டது நல்லதுதான்.

நோட்டு சாதாரண கோடு போட்ட நோட்டு. ஆப் வேண்டாம். அட்டெண்டர், பிசியோ, ஊரிலிருந்து வரும் அத்தை எல்லோரும் எழுதும்படி இருக்க வேண்டும், அது சுவரில் கட்டிய பேனாவோடு கூடிய நோட்டால்தான் முடியும்.

4. என்ன சாமான் வேண்டும், எவ்வளவு ஆகும்

எங்கள் பக்கம் விலை தோராயமாக இப்படி: கையில் கட்டும் டிஜிட்டல் பிபி மெஷின் 1,500 முதல் 2,500 ரூபாய், எடை மெஷின் ஆயிரம் ரூபாய்க்குள், இஞ்ச் டேப் ஐம்பதுக்குள். குளுக்கோமீட்டர் மலிவாகக் கிடைக்கும், செலவெல்லாம் ஸ்ட்ரிப்பில்தான். வாங்கும் முன் ஒரு ஸ்ட்ரிப் என்ன விலை என்று கேளுங்கள். ஸ்டாப்வாட்ச் போனிலேயே இருக்கிறது.

பிபி மெஷினில் கைப்பட்டை அளவைப் பார்த்து வாங்குங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் பிபி கூடுதலாகக் காட்டும். மணிக்கட்டில் கட்டும் மெஷின் வேண்டாம். கைப்பிடி வலு பார்க்கும் கருவி சுமார் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஆனால் கட்டாயம் இல்லை. அந்தப் பணத்துக்குக் குளியலறையில் பிடிமானக் கம்பி போடலாம்.

5. கால் வலுவும் நடையும்: இதில்தான் அதிகம் தெரியும்

ஒரே ஒரு விஷயம்தான் அளக்க நேரம் இருக்கிறது என்றால் இதை அளங்கள். எழுந்து நிற்க முடிந்தால் பாத்ரூம் போகலாம், சமையலறைக்கு வரலாம், வெளியே போகலாம். எல்லாம் காலில் தொடங்குகிறது.

நாற்காலிச் சோதனை. கைப்பிடி இல்லாத, முதுகு நேராக உள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். உட்காரும் இடம் தரையிலிருந்து 43 சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும், கிட்டத்தட்ட 17 அங்குலம். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுவதும் எழுந்து உட்கார்கிறார் என்று எண்ணுங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பட்டியல்படி 70 முதல் 74 வயதுவரை ஆணுக்கு 12, பெண்ணுக்கு 10 முறைக்குக் குறைந்தால் வலு குறைவு. 75 முதல் 79 வரை 11, 10. 80 முதல் 84 வரை 10, 9. முறைப்படி, கை ஊன்றினால் மதிப்பெண் பூஜ்யம். நம் நோட்டில் மட்டும் "கை ஊன்றி 5" என்று தனியாக எழுதுங்கள், அடுத்த மாதம் "கை ஊன்றாமல் 2" என்று ஆவது பெரிய விஷயம்.

நான்கு மீட்டர் நடை. ஹாலில் நான்கு மீட்டர் தூரத்துக்கு இரண்டு கோடு சாக்பீஸால் போடுங்கள். முதல் கோட்டுக்கு ஒரு மீட்டர் முன்னாலிருந்தே நடக்கத் தொடங்கி, கடைசிக் கோட்டைத் தாண்டியும் ஒரு மீட்டர் போகட்டும். வழக்கமான வேகத்தில் நடந்தால் போதும், ஓட்டப்பந்தயம் இல்லை. நான்கைச் செலவான விநாடியால் வகுத்தால் வேகம். ஐந்து விநாடி என்றால் விநாடிக்கு 0.8 மீட்டர். ஆசிய மக்களுக்கான தசை இழப்பு அளவுகோலில் 1.0-க்குக் கீழே போனாலே நடை மெதுவானதாகக் கணக்கு. நமக்கு அதைவிட முக்கியம் மாற்றம்: வேகம் விநாடிக்கு 0.1 மீட்டர் கூடினால் அது வாழ்க்கையில் தெரியக்கூடிய முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆறு விநாடியில் நடந்தவர் 5.2 விநாடியில் நடந்தால் ஏறக்குறைய அந்த 0.1 வந்துவிட்டது. கண்ணால் பார்த்தால் யாருக்கும் தெரியாது, கடிகாரத்தில்தான் தெரியும். அரை விநாடிக்குக் குறைவான வித்தியாசத்துக்காகச் சந்தோஷமும் வேண்டாம், கவலையும் வேண்டாம், அது பொத்தானை அமுக்கிய கையின் வேலையாகவும் இருக்கலாம்.

எழுந்து போய் வருதல். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி? 12-ம் அதற்கு மேலும் ஆனால் விழும் அபாயம் உண்டு என்று கணக்கு. திரும்பும்போது தடுமாறுகிறாரா என்று பாருங்கள், பலர் விழுவது திரும்பும்போதுதான்.

இவற்றைச் செய்யும்போது ஒருவர் பக்கத்திலேயே கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். நெஞ்சுவலி, மூச்சு வாங்கல், தலைசுற்றல் என்றால் உடனே நிறுத்துங்கள். அப்புறம் இந்த நான்கும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்: அதே நாற்காலி, அதே செருப்பு அல்லது வெறுங்கால், அதே துணைக்கருவி, அதே நேரம். பார்க்கின்சன் என்ற நடுக்குவாத நோய் உள்ளவர் என்றால் மாத்திரை போட்டு எவ்வளவு நேரத்தில் அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் அளந்ததையும் அது தீர்ந்த நேரத்தில் அளந்ததையும் ஒப்பிட்டால் ஆள் மாறாட்டம் நடந்தது போலத் தெரியும்.

முதல் தடவை செய்வதை ஒத்திகையாக விட்டுவிட்டு இரண்டாவதைக் குறியுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று புரிவதாலேயே அளவு கொஞ்சம் கூடும்.

6. அன்றாட வேலைகள்: முடிகிறதா, செய்கிறாரா?

மருத்துவமனைகளில் பார்தெல் அட்டவணை என்று ஒன்று வைத்திருப்பார்கள். சாப்பிடுவது, குளிப்பது, முகம் கழுவிச் சீவுவது, உடுத்துவது, மலம் அடக்கல், சிறுநீர் அடக்கல், கழிப்பறை போவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது, படி ஏறுவது என்று பத்து விஷயம், மொத்தம் 100 மதிப்பெண். பிசியோவையே போடச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை.

அந்த அட்டவணை நம் வீட்டுக்காகச் செய்ததில்லை. தரையில் உட்கார்ந்து எழுவது அதில் இல்லை. இந்தியன் டாய்லெட் இல்லை. குனிந்து வாளியிலிருந்து மொண்டு ஊற்றிக் குளிப்பது இல்லை. நீங்களே கீழே மூன்று வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அதேபோல், வெளி வேலைகளைக் கேட்கும் பட்டியல்களில் சமையலும் துவைப்பதும் இருக்கும். ஆயுளுக்கும் அடுப்படிப் பக்கம் போகாத தாத்தாவுக்கு அதில் மதிப்பெண் குறைவது முதுமையால் இல்லை. அவர் முன்பு செய்துவந்ததை எழுதுங்கள்: ரேஷன் கடை, பேங்க் பாஸ்புக், கரண்ட் பில், பேரனை டியூஷனில் விடுவது.

இங்கே பெரிய பொறி ஒன்று இருக்கிறது. அட்டெண்டர் ரொம்ப நல்லவராக இருந்தால் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி, எல்லாமே அவரே செய்துவிடுவார். மூன்று மாதத்தில் பெரியவரால் முடிந்ததும் முடியாமல் போய்விடும். அதனால் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கட்டம் போடுங்கள்: "விட்டால் செய்ய முடிகிறதா?", "நேற்று உண்மையில் யார் செய்தது?" இரண்டுக்கும் இடைவெளி கூடினால் பராமரிப்பே ஆளை முடக்குகிறது. அட்டெண்டரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவசரப்படுத்துவது பெரும்பாலும் நாம்தான். சட்டைப் பொத்தானை அவரே போடப் பதினைந்து நிமிடம் ஆகட்டும் என்று விடச் சொல்லுங்கள்.

சிறுநீர் கசிவைப் பற்றி அம்மாக்கள் மகனிடம் சொல்லவே மாட்டார்கள். மகளோ மருமகளோ தனியாகக் கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை டயப்பர், இரவில் எத்தனை முறை எழுந்தார் என்பதையும் எழுதலாம்.

7. எடை, பிபி, சுகர், மாத்திரை

எடை: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில், கழிப்பறை போய்வந்த பின், அதே மெஷினில். மூன்று மாதத்தில் முயற்சி எதுவும் இல்லாமல் மூன்று கிலோவுக்கு மேல் இறங்கினால் உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு அதை எச்சரிக்கையாகச் சொல்கிறது. "வயசானா மெலியத்தான் செய்வாங்க" என்று விட்டுவிடாதீர்கள். பல்செட் தளர்ந்திருக்கலாம், மாத்திரையால் பசி போயிருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம். எடை திடீரென்று கூடினாலும் மகிழ வேண்டாம், காலை அழுத்திப் பாருங்கள், குழி விழுந்தால் அது நீர். நிற்க முடியாதவருக்குக் கெண்டைக்காலின் பருத்த இடத்தில் இஞ்ச் டேப் வைத்துச் சுற்றளவு எடுங்கள். ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் தசை குறைந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கால் வீங்கியிருந்தால் இந்த அளவு ஏமாற்றும்.

பிபி: உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆன பின், பேசாமல், இரண்டு முறை. மாதம் ஒருமுறை படுத்தும் நின்றும் எடுங்கள். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒன்று, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாவது நிமிடத்தில் ஒன்று. மேல் எண் 20-ம் அதற்கு மேலும், அல்லது கீழ் எண் 10-ம் அதற்கு மேலும் இறங்கினால், அல்லது கண் இருட்டிக்கொண்டு வந்தால், அந்த எண்களோடு மருத்துவரைப் பாருங்கள். உட்கார்ந்தே எடுத்து "பிபி நார்மல்" என்று எழுதிவிட்டுப் போகிறவர்களால் இது கண்ணில் படாது.

சுகர்: மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையை (லேப் சீட்டில் HbA1c என்று இருக்கும்) மாதாமாதம் எடுப்பது பணவிரயம், பெயரே மூன்று மாதச் சராசரி. பெரியவர்களுக்கு அந்தச் சராசரியைவிட, சுகர் 70-க்குக் கீழே எத்தனை முறை இறங்கியது என்பது அவசரமான எண். சராசரி அழகாக இருக்கும், இடையில் இரண்டு முறை வியர்த்து மயங்கியிருப்பார். இலக்கு எவ்வளவு என்று அவர் வயதுக்கும் உடம்புக்கும் ஏற்ப மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். இளையவர்களுக்கான இலக்கு எல்லா எண்பது வயதுக்காரருக்கும் பொருந்தாது.

மாத்திரை: தினம் எத்தனை வகை என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணுங்கள். ஐந்தும் அதற்கு மேலும் ஓடினால் "எதையாவது நிறுத்தலாமா?" என்று கேட்பதற்கென்றே ஒருமுறை போங்கள். நாமாக நிறுத்தக் கூடாது.

8. மனசு, ஞாபகம், கண், காது

மனசுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விப் பட்டியல் எளிது, இலவசம். கடந்த இரண்டு வாரத்தில் மகிழ்ச்சியாக இருந்தேன், அமைதியாக இருந்தேன், சுறுசுறுப்பாக இருந்தேன், தூங்கி எழுந்தபோது தெளிவாக இருந்தேன், பிடித்த விஷயங்கள் நாளில் இருந்தன: ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்துவரை. மொத்தம் 25-க்கு 13-ஐவிடக் குறைந்தால் மருத்துவரிடம் பேசுங்கள். நான்கால் பெருக்கினால் நூற்றுக்குக் கணக்கு வரும், அதில் பத்துப் புள்ளி மாறினால் உண்மையான மாற்றம் என்று கொள்ளலாம். மருமகளோ அட்டெண்டரோ பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் எல்லாவற்றுக்கும் ஐந்துதான் வரும். "இருந்து என்ன பிரயோஜனம், போய்ச் சேர்ந்தா போதும்" என்ற பேச்சு திரும்பத் திரும்ப வந்தால் மதிப்பெண்ணுக்குக் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஞாபகச் சோதனையை வீட்டில் அடிக்கடி நடத்தாதீர்கள். அதே சொற்களைக் கேட்டால் மனப்பாடம் ஆகிவிடும், பெரியவருக்கும் அவமானமாக இருக்கும். நடந்ததை எழுதுங்கள்: கேஸை அணைக்க மறந்தது, மாத்திரையை இரண்டு முறை போட்டது, பழகிய தெருவில் வழி தவறியது. ஒரு நாள், இரண்டு நாளுக்குள் திடீரென்று குழம்பி ஆளே மாறிப் பேசினால் அது முதுமை மறதி இல்லை, சிறுநீர்த் தொற்றோ உப்புச் சத்துக் குறைவோ புது மருந்தோ காரணமாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரி.

இதற்கெல்லாம் முன்னால் காதையும் கண்ணையும் பாருங்கள். கேள்வியே காதில் விழாதவருக்கு ஞாபக மதிப்பெண் போட்டு என்ன பயன்? காது அழுக்கை எடுத்ததும் பாதி "மறதி" போன வீடுகள் உண்டு.

9. விழுந்தது, ஆஸ்பத்திரி, வீட்டில் இருந்த நாட்கள்

எதிர்பாராமல் தரைக்கு வந்தால் அது விழுந்ததுதான், அடிபட்டாலும் படாவிட்டாலும். "சறுக்கி உட்கார்ந்துட்டேன்" என்பதும் கணக்கு. தேதி, நேரம், இடம், என்ன செய்துகொண்டிருந்தார் என்று நான்கு சொல் போதும். சில மாதங்களில் நேரமும் இடமும் சேர்ந்து ஏதோ சொல்லும்: எல்லாம் அதிகாலை, எல்லாம் பாத்ரூம் வழி, அப்படியானால் ஒரு இரவு விளக்கு போதுமாக இருக்கலாம்.

விழுவது குறைந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து வெற்றி என்று சொல்லாதீர்கள். நாள் முழுக்கக் கட்டிலிலேயே வைத்திருந்தால் யாரும் விழ மாட்டார்கள். அந்த எண்ணின் பக்கத்தில் நடை எண்ணும் இருக்க வேண்டும். கூடவே மாதத்தில் எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இல்லாமல் சொந்த வீட்டில் இருந்தார் என்று ஒரு எண். பெரியவர்களிடம் கேட்டால் அவர்களுக்கு ஆக முக்கியமான எண் இதுவாகத்தான் இருக்கும்.

பார்த்துக்கொள்கிறவருக்கும் ஒரு வரி விடுங்கள். இரவில் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், இந்த வாரம் வீட்டை விட்டு எத்தனை முறை வெளியே போனீர்கள். அப்பாவின் எண்ணெல்லாம் ஏறி அம்மா படுத்துவிட்டால் அந்தப் பராமரிப்பு வெற்றி இல்லை.

10. எப்போது எதை

எல்லாவற்றையும் தினம் அளக்கத் தொடங்கினால் இரண்டு வாரத்தில் நோட்டு மூலையில் கிடக்கும். விழுந்ததும் விசித்திரமாக நடந்ததும் நடந்த அன்றே. எடை இரண்டு வாரத்துக்கு ஒன்று. நாற்காலி, நடை, படுத்து நின்று பிபி மாதம் ஒன்று, அரை மணி நேரத்துக்குள் முடியும். அன்றாடச் செயல் பட்டியல், ஐந்து கேள்வி, மாத்திரை எண்ணிக்கை, இலக்கின் படி ஆகியவை மூன்று மாதத்துக்கு ஒன்று. கண், காது, பல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு நோட்டம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வீட்டில் துக்கம் என்றால் அந்த வாரம் அளக்காமல் தள்ளிப்போடுங்கள், தள்ளிப்போட்டதை எழுதுங்கள்.

11. மூன்றாவது மாதம் கணக்குப் பார்ப்பது

தசை வலுப்பெற எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதனால் முதல் மாத எண்ணைப் பார்த்துப் பிசியோவை மாற்றாதீர்கள். மூன்றாவது மாதம் முடிந்ததும் பிசியோ, அட்டெண்டர், குடும்பம், முக்கியமாகப் பெரியவர், எல்லோரும் உட்காருங்கள்.

எண் ஏறியிருந்தால் உடனே பராமரிப்புதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. எலும்பு முறிவுக்குப் பிறகு முதல் சில மாதங்களில் உடம்பு தானாகவும் ஓரளவு தேறும். பொதுவாக நாம் ஆள் வைப்பதே நிலைமை மோசமாக இருக்கும் வாரத்தில்தான், அதன் பிறகு எதுவுமே செய்யாவிட்டாலும் கொஞ்சம் சரியாகும். மாறாக, பார்க்கின்சன் போல வருடாவருடம் இறங்கும் நோயில் ஆறு மாதம் எண் இறங்காமல் நின்றதே பெரிய பலன். "எந்த மாற்றமும் இல்லையே" என்று அப்படிப்பட்டவருக்குப் பிசியோவை நிறுத்தி, பிறகு வேகமாக இறங்கிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

பணத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். பிசியோ ஒரு வருகைக்கு 600 ரூபாய், வாரம் மூன்று என்றால் மாதம் 12 வருகை, 7,200 ரூபாய். மூன்று மாதத்தில் 21,600. கழித்தல் 2-லிருந்து 0-க்கு வந்திருந்தால் யாரும் வருந்த மாட்டார்கள். கடைசி ஆறு வாரமாக எண் அசையவில்லை என்றால், வாரம் ஒரு வருகையாகக் குறைத்து, மற்ற நாட்களில் அட்டெண்டரோடு அதே பயிற்சி என்று மாற்றலாம், மாதம் 2,400 ஆகும். குறைத்த பின்னும் மாதாமாதம் அளந்து, நடை மெதுவானால் மறுபடி கூட்டுங்கள்.

12. முதியோர் இல்லத்தில் இருந்தால்

சேர்க்கும் முன் கேட்க வேண்டியவை: போன மாதம் எத்தனை பேர் விழுந்தார்கள், எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் இங்கே வந்த பிறகு உண்டானது, எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீர்கள், மாதாமாதம் எடை எடுக்கிறீர்களா. "எங்க இல்லத்துல யாருமே விழுறதில்ல" என்ற பதில் வந்தால் எழுதுவதில்லை என்று பொருள்.

இரண்டு இல்லங்களை ஒப்பிட, விழுந்த எண்ணிக்கையை ஆயிரம் ஆள்-நாளுக்கு மாற்றுங்கள். 20 பேர், 30 நாள், மொத்தம் 600 ஆள்-நாள். மூன்று முறை விழுந்திருந்தால் ஆயிரத்துக்கு ஐந்து. அப்போதும் படுத்த படுக்கையானவர்கள் நிறைய இருக்கும் இல்லத்தில் விழுவது குறைவாகவும் புண் அதிகமாகவும் இருக்கும். இல்லம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சராசரி போடும்போது இறந்தவர்களையும் வேறு இடம் போனவர்களையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் மிச்சமிருக்கும் தெம்பானவர்களால் எண் தானாக ஏறும். ஆரம்பத்தில் எத்தனை பேர், இப்போது எத்தனை பேர் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

13. செலவில்லாமல் எங்கே உதவி

தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரை மட்டுமல்லாமல், தேவையானவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோவும் வலிநிவாரணப் பராமரிப்பும் தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். தனியார் பிசியோ அளவுக்கு அடிக்கடி வர மாட்டார்கள், ஆனால் வரும் அன்று உங்கள் நோட்டைக் காட்டி அளவை எடுக்கச் சொல்லலாம். சென்னையில் கிண்டியில் முதியோருக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேட்கலாம், காலை எட்டு முதல் இரவு எட்டுவரை.

மருத்துவரிடம் போகும்போது நோட்டு முழுவதையும் நீட்டாதீர்கள். ஒரே தாளில், தொடக்க எண், இன்றைய எண், விழுந்த தேதிகள், மாத்திரைப் பட்டியல், கேட்க வேண்டிய இரண்டு கேள்வி. கூட்டம் நிறைந்த ஓபியில் அவ்வளவுதான் பார்க்க நேரம் இருக்கும், அதை உண்மையாகவே பார்ப்பார்கள்.

ரசீதுகளை எறியாதீர்கள். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள், மருத்துவக் காப்பீடு இல்லாத 60 வயது நிறைந்த பெற்றோருக்குச் செய்த மருத்துவச் செலவில் வருடம் 50,000 ரூபாய்வரை கழிவு கேட்கலாம். ரொக்கமாகக் கொடுத்தது அதில் சேராது, அதனால் பிசியோவுக்கும் லேபுக்கும் ஜிபே அல்லது பேங்க் வழியாகவே அனுப்பி, ரசீதில் பெரியவர் பெயரைப் போடச் சொல்லுங்கள். அட்டெண்டர் சம்பளம் சேருமா என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.